இருபது வீட்டுக் கூடைக்கு ஒரு ஏக்கர்: பட்டம் பார்த்து, தவணை பிரித்து விதைப்பது எப்படி

குடும்பங்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வாராவாரம் ஒரு கூடை காய் கொடுப்பதுதான் வாரக் கூடைத் தோட்டம். அதைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது விதைக்கும் தேதியில்தான். ஆடிப் பதினெட்டுக்கு ஈரம் கண்டதும் கையிலிருக்கும் விதை அத்தனையையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவார்கள். புரட்டாசியில் வெண்டைக்காய் மூட்டை மூட்டையாக வரும். கார்த்திகையில் கூடையில் போட ஒரு காய் இருக்காது. சந்தைக்கு விற்கிறவருக்கு அது ஒரு மோசமான மாதம், அவ்வளவுதான். ஆறு மாதப் பணத்தை முன்னதாகவே வாங்கியவருக்கு அது வாக்குத் தவறியதாகும்.

ஜப்பானில் 1970களில் ‘தெய்க்கெய்’ என்ற பெயரில் பரவிய ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1986இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இப்படிப்பட்ட பண்ணைகள் தொடங்கின. குடும்பங்கள் பருவத் தொடக்கத்திலேயே பணம் கொடுத்துவிடும். விளைவதில் பங்கு எடுத்துக்கொள்ளும். மழையோ வெயிலோ கெடுத்தால் அந்த நட்டத்திலும் பங்கு உண்டு. அங்கே பனிக்காலம் நிலத்தை மூடிப்போடும். நமக்கு அந்தக் கட்டாய ஓய்வு கிடையாது. ஆனால் ஐப்பசி அடைமழையும் சித்திரை வெயிலும் அதே வேலையைச் செய்கின்றன. கீழே உள்ள கணக்கெல்லாம் செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் போல வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் சமவெளிக்கானது. மேற்கு மாவட்டங்களில் தேதிகள் கொஞ்சம் மாறும்.

கூடையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாலு பேர் உள்ள வீட்டுக்கு வாரம் 5 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தக்காளி 1 கிலோ, பந்தல் காய் (பீர்க்கு, புடல், பாகல்) 1 கிலோ, கத்தரி முக்கால் கிலோ, வெண்டை, சின்ன வெங்காயம், முள்ளங்கி, கொத்தவரை அல்லது அவரை தலா அரைக் கிலோ, மிளகாய் 100 கிராம். கீரை 2 கட்டும் கறிவேப்பிலையும் எடையில் சேராது. 20 வீட்டுக்கு வாரம் 100 கிலோ. ஆண்டுக்கு 46 வாரம் மட்டும் கூடை என்று பேசிக்கொண்டால் 4,600 கிலோ. மீதி 6 வாரம் விடுமுறை. அதை ஐப்பசி-கார்த்திகையில் மூன்றாகவும் சித்திரை-வைகாசியில் மூன்றாகவும் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஏக்கரில் 45 சென்ட் பாத்தி, 15 சென்ட் பந்தல், 20 சென்ட் எப்போதும் ஓய்வில். மீதி 20 சென்ட் நாற்றங்கால், எருக்குழி, வரப்பு, கொட்டகை, வண்டித் தடம். பயிர் நிற்கும் 60 சென்டில் சென்டுக்கு ஆண்டுக்கு 77 கிலோ வந்தால் கணக்கு நேராகிவிடும். பராமரித்த மண்ணுக்கு இது பெரிய சுமை இல்லை. ஓய்வு நிலத்திலும் ஆசைப்பட்டு ஒரு போகம் எடுத்தால் மூன்றாம் ஆண்டு மண்ணே சொல்லிவிடும்.

இனி ஒவ்வொரு காயையும் பின்னோக்கிப் பாருங்கள். வெண்டை வாரம் 10 கிலோ வேண்டும். ஒன்றரை அடிக்கு ஓர் அடி இடைவெளியில் சென்டுக்கு ஏறத்தாழ 300 செடி; ரசாயன உரம் இல்லாமல் 40 கிலோ எதிர்பார்க்கலாம். விதைத்த 45ஆம் நாள் முதல் பறிப்பு, அதிலிருந்து ஒன்றரை மாதம் காய்க்கும். ஆகவே 35 நாளுக்கு ஒரு முறை ஒன்றரை சென்ட், ஒவ்வொரு முறையும் 45 கிராம் விதை. பழைய செடி ஓய்கிற வாரம் புதிய செடி பூத்திருக்கும். முதல் விதைப்பு நன்றாக வந்துவிட்டது என்று இரண்டாவதைத் தள்ளிப்போடக் கூடாது. கூடை காலியாவது அங்கேதான் தொடங்கும்.

கீரைக்கு இன்னும் கறார் தேவை. நாலடி அகலம், 36 அடி நீளத்தில் ஒரு பாத்தி போட்டால் சென்டில் மூன்றில் ஒரு பங்கு. சிறுகீரையோ முளைக்கீரையோ 5 கிராம் விதையை இரண்டு கை மணலோடு கலந்து தூவினால் 25 நாளில் 40 கட்டு தேறும். வாரம் ஒரு பாத்தி, கிழமை மாறாமல். திங்கட்கிழமை என்று வைத்தால் தீபாவளி திங்கட்கிழமை வந்தாலும் விதைத்துவிட்டுத்தான் எண்ணெய் தேய்க்க வேண்டும்.

கத்தரி நிதானமான பயிர். இரண்டடிக்கு இரண்டடி நட்டால் சென்டுக்கு 110 செடி. மூன்றரை மாதம் பறிக்கலாம். 4 சென்ட் வீதம் ஆண்டுக்கு இரண்டு நடவு, ஆடியில் ஒன்று, மார்கழிக் கடைசியில் ஒன்று. நாற்று 30 முதல் 35 நாள் என்பதால் ஆடி நடவுக்கு ஆனியிலேயே விதை விழுந்திருக்க வேண்டும். தக்காளி 25 நாள் நாற்று, 40 நாளுக்கு ஒரு முறை 2 சென்ட். ஆனால் தக்காளியை ஆண்டு முழுக்கத் தருவதாக யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். சித்திரை வெயிலில் பூ கொட்டும், ஐப்பசி மழையில் இலை கருகும். கார்த்திகைப் பிற்பகுதியில் நட்டு மாசி, பங்குனியில் பறிப்பதுதான் நம்பகமான போகம்.

சின்ன வெங்காயம் மட்டும் தவணைக்குக் கட்டுப்படாதது. அதனால் நட்டமும் இல்லை, ஏனென்றால் அது இருப்பு வைக்கும் சரக்கு. வைகாசியில் 5 சென்ட், மார்கழியில் 5 சென்ட், சென்டுக்கு 6 கிலோ விதை வெங்காயம். தாள் சாய்ந்து காய்ந்ததும் பிடுங்கி, நிழலில் உலர்த்தி, அடியில் காற்று புகும் சேமிப்புப் பட்டறையில் கொட்டி வைத்தால் வாராவாரம் அளந்து போடலாம்.

பாத்தியும் எருவும்

பாத்தி நாலடி அகலத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவரை கை எட்ட வேண்டும். நடைபாதை ஒன்றரை அடி. உயரம் கோடையில் 4 விரற்கடை போதும், புரட்டாசி பிறந்ததும் முக்கால் அடிக்கு மண் அணைத்து ஏற்றிவிடுங்கள். சென்டுக்கு 100 கிலோ மக்கிய தொழுவுரம் ஆண்டுக்கு ஒரு முறை. மக்கியதா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்து மோந்து பாருங்கள். மழை பெய்த மண் வாசம் வந்தால் சரி, சாணி வாசம் வந்தால் இன்னும் ஒரு மாதம் போகட்டும். பச்சைச் சாணத்தோடு வெள்ளைப் புழு வந்து சேர்ந்து வேரைத் தின்னும்.

ஜீவாமிர்தம் என்ற கரைசல் உரம் ஏக்கருக்கு 200 லிட்டர்: 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, வரப்பு மண் ஒரு கைப்பிடி. நிழலில் 48 மணி நேரம், காலை மாலை கலக்கி, மாதம் இரண்டு முறை பாசன நீரோடு விடலாம்.

கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றை எடுத்த பாத்தியில் இன்னொன்றை வைத்தால் வாடல் நோயும் நூற்புழுவும் அங்கேயே குடியிருக்கும். இவற்றுக்குப் பின் கொத்தவரை, தட்டைப்பயறு போல ஏதாவது பயறு, அதற்குப் பின் கீரை அல்லது முள்ளங்கி என்று சுற்றுங்கள். நூற்புழு ஏற்கெனவே இருந்தால், பிடுங்கிய வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரியும், அங்கே ஒரு போகம் செண்டுமல்லி நடுங்கள்.

ஆடி முதல் ஆனி வரை

ஆடியில் காற்றுதான் எதிரி. ஆறடி உயரப் பந்தலில் கொடி ஏறும் முன்பே மூலைக் கால்களுக்கு வெளிப்பக்கம் இழுகம்பி கட்டிவிட வேண்டும். கொடி படர்ந்த பிறகு பந்தல் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும். பீர்க்கு, புடல், பாகல் மூன்றையும் பந்தலுக்கு மூன்றில் ஒரு பங்காக, 20 நாள் இடைவெளியில் ஊன்றுங்கள். நாற்றங்காலின் மேற்குப் பக்கம் தென்னங்கீற்றுத் தட்டி வையுங்கள். விதைக்கு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சை) கலந்தால் நாற்றழுகல் அடங்கும். அப்படியும் நாற்று கழுத்தில் ஒடிந்து சாய்ந்தால் தண்ணீர் அதிகம் என்று பொருள், மருந்தைத் தேட வேண்டாம்.

பந்தல் அவரையையும் ஆடியிலேயே போடுங்கள். பகல் குறுகிய பிறகுதான் அது பூக்கும், ஆகவே எப்போது விதைத்தாலும் மார்கழி, தையில்தான் காய். தையில் போட்டுவிட்டு வெறும் கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. ஆண்டு முழுவதும் அவரை வேண்டுமென்றால் கொடி ஏறாத குத்தவரை.

மழைக்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வாரக் கூடைத் தோட்டங்கள் பெயர் எடுப்பதும் கெடுத்துக்கொள்வதும் அப்போதுதான். ஐப்பசியில் விளைவதை நம்பாதீர்கள். அதற்கு முன் விளைந்ததை வைத்து ஐப்பசியைக் கடத்துங்கள். ஆனி முதல் வாரம் வேலியோரம் 20 குழி பரங்கி ஊன்றினால் புரட்டாசிப் பாதியில் பழமாகும். நாலு விரல் காம்போடு அறுத்து, வைக்கோல் மேல் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கினால் மூன்று மாதம் நிற்கும். காம்பு உதிர்ந்த பழம் மட்டும் அந்த வழியாகவே அழுகும், அதை முதலில் கொடுத்துவிடுங்கள். சித்திரைக் கடைசியில் 2 சென்டில் சேனை, மூன்றடிக்கு மூன்றடி. பொங்கலுக்கு முன் வெட்டலாம். மரவள்ளி வரப்போரம் நிற்கட்டும்.

கீரைப் பாத்தியில் மழைத்துளி மண்ணைத் தெறித்து இலையின் அடியில் அப்பும். சில நாளில் வெள்ளைத் துரு போலக் கொப்புளம் வரும். சிறுகீரையை அந்த அடைமழை வாரங்களில் விட்டுவிட்டு பொன்னாங்கண்ணி, பசலைக்கொடி, வல்லாரை, தவசிக்கீரை, முருங்கைக்கீரைக்கு மாறிவிடுங்கள். இவை கூடையை ஏமாற்றாதவை. வடிகால் வாய்க்காலைப் புரட்டாசியிலேயே வெட்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கேதான் கத்தரி வாடும்.

மார்கழிப் பனியில் முள்ளங்கி, கொத்தமல்லி, பீட்ரூட் நன்றாக வரும். அவரைக் கொழுந்தில் அசுவினி மொய்க்கும். கூட்டமாக இருக்கும் நுனியைக் கிள்ளி எறிவதே பாதி வேலை. தை, மாசி தோட்டத்தின் செல்வக் காலம். 5 கிலோ கூடை 8 கிலோ ஆகும். மிச்சத்தை வற்றல் போட்டு, மோர்மிளகாய் ஊறவைத்து, கோடைக் கூடையில் சேர்க்கலாம்.

மூன்று பூச்சிகளை மட்டும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்

கத்தரிச் செடியில் மற்ற கொழுந்தெல்லாம் நிமிர்ந்திருக்க ஒன்று மட்டும் தலை தொங்கினால், தண்ணீர் போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தண்டை விரலால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, அரை விரற்கடை நீளத்தில் ஒரு புழு, பின்னால் ஈரமான கழிவு. தண்டுத்துளைப்பான். இதுவே பூ வந்த பிறகு காய்க்குள் போகும். வாடிய நுனியைச் சற்றுக் கீழே கிள்ளி வாளியில் போட்டு எரித்துவிட வேண்டும், பாத்தியிலேயே எறிந்தால் கிள்ளியதில் பயனில்லை. நட்ட 20ஆம் நாளிலிருந்து வாரம் இரண்டு முறை, காய் கண்ட பிறகும் விடாமல். கூடவே ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு 5.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி வலை மாதிரி தெரிந்தால் அது தேமல். வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி. அந்தச் செடி மீளாது, பார்த்த அன்றே பிடுங்குங்கள். மாசிக்குப் பின் விதைக்கும் வெண்டைக்கு இது அதிகம் என்பதால் சுற்றிலும் மூன்று வரிசை மக்காச்சோளத்தை 15 நாள் முன்னதாக விதையுங்கள். 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படத் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் வேம்பின் வீரியம் போய்விடும்.

பந்தல் காயில் பழ ஈ குத்திய பிஞ்சு கோணலாக வளரும். உதிர்ந்ததை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு நாள் மூழ்கடித்துப் பிறகு ஆழமாகப் புதையுங்கள்.

பறிப்பும் கூடையும்

வெண்டையை நுனியை ஒடித்துப் பாருங்கள். ‘டக்’கென்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் முற்றல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். ஒரு முற்றல் செடியில் தங்கினாலும் அடுத்த பூ குறையும். வெண்டையை மட்டும் கழுவக் கூடாது, ஈரத்தில் கறுத்துப்போகும். கத்தரியைக் கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள், இழுத்தால் கிளை கிழியும். கீரையை விடியற்காலை வேரோடு பிடுங்கி, வேரை மட்டும் தண்ணீரில் நிறுத்தி, கட்டை ஈரத் துணியில் சுற்றுங்கள். கூடையின் அடியில் சேனை, பரங்கி, முள்ளங்கி. நடுவில் கத்தரி, பந்தல் காய். மேலே செங்காய்த் தக்காளி, எல்லாவற்றுக்கும் மேல் கீரை. வீட்டுக்கு இரண்டு கூடை இருந்தால் ஒன்று போகும்போது ஒன்று திரும்பும்.

ஒவ்வொரு பறிப்பையும் நோட்டில் எழுதுங்கள்: பாத்தி எண், விதைத்த நாள், முதல் பறிப்பு, மொத்தக் கிலோ. மேலே சொன்ன எடைகள் எல்லாம் தொடங்குவதற்குத்தான். இரண்டாம் ஆண்டு உங்கள் மண்ணின் எடைதான் கணக்கு.

விலையைச் சந்தை பார்த்து வைக்காதீர்கள். ஆண்டுக் கூலி (வீட்டார் உழைப்பையும் சேர்த்து), விதை, எரு, மாட்டுத் தீவனம், மின்சாரம், வண்டிச் செலவு, அதன் மேல் பழுதுபார்க்கப் பத்தில் ஒரு பங்கு. மொத்தத்தை 920ஆல், அதாவது 20 வீடு பெருக்கல் 46 வாரத்தால் வகுத்தால் ஒரு கூடையின் விலை. தக்காளி விலை சந்தையில் ஏறும்போது குடும்பங்களுக்கு லாபம், இறங்கும்போது உங்களுக்கு நிம்மதி. ஆனியில் பணம் வாங்கும் அன்றே எந்த மாதம் என்ன வரும், எந்த வாரங்கள் கூடை இல்லை, மழையில் தக்காளி இராது என்பதை ஒரே தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கார்த்திகையில் சொல்லும் விளக்கத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

சித்திரை விடுமுறைக்குப் போகும் முன் ஓய்வு நிலத்துக்குப் பல தானியம்: சோளம், கம்பு, உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, சணப்பு, தக்கைப்பூண்டு, கொத்தமல்லி எல்லாம் கலந்து 20 சென்டுக்கு 5 கிலோ. கோடை மழை ஒன்று பெய்த மறுநாள் தூவி, 50ஆம் நாள் பூவெடுக்கும்போது மடக்கி உழுங்கள். விதை முற்றவிட்டால் ஆடி முழுக்க அதையே களையெடுக்க வேண்டிவரும். உழுத பின் மக்க மூன்று வாரம் வேண்டும். அந்த இடைவெளியில்தான் கத்தரி நாற்றங்கால் தயாராகிறது.