கெம்போங் மீனை அளக்கும்போது செய்யும் தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங்கில் இழுவைப் படகுகள் மீன் இறக்குகின்றன. அதைச் சுற்றி எங்கும் செம்பனைத் தோட்டம். அதனால்தான் பள்ளியில் அறிவியல் திட்டம் என்றதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கெம்போங்கை, அதாவது கானாங்கெளுத்தியை, கையில் எடுக்கிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் அளக்கிற விதத்தில் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

பெரிய தவறு, மீனைச் சந்தையில் வாங்குவது. வலைக் கண்ணில் சின்னது நழுவிப் போகிறது. மிச்சத்தைத் தவுக்கே (மீன் முதலாளி) அளவு பார்த்துப் பிரித்துவிடுகிறார். உங்கள் கூடையில் எல்லாமே 20 செ.மீ. என்றால் அது அவர் பிரித்ததன் விளைவு, மீனின் வளர்ச்சி அல்ல. கெம்போங் 35 செ.மீ. வரைகூட வளரும். படகுத்துறைக்கே போய், பிரிக்காத மீனைக் கேட்டு வாங்குங்கள். மாதம் மாறி மாறி வாங்கினால் இன்னும் நல்லது.

அப்புறம், ஒரே கூடையில் இரண்டு இனம் கலந்திருக்கும். ராஸ்ட்ரெலிகர் பிராக்கிசோமாவுக்கு உடம்பு அகலம், ராஸ்ட்ரெலிகர் கனகூர்ட்டா நீளவாட்டம். இது தெரியாமல் அகலமானதை ‘கொழுத்த மீன்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

மீன் அதன் நீளத்துக்கு எவ்வளவு கொழுத்திருக்கிறது என்று காட்டுவது உடல்நிலைக் குறியீடு. அதற்குக் கிராம் எடையை 100ஆல் பெருக்கி, செ.மீ. நீளத்தின் மும்மடியால் வகுக்க வேண்டும். நீளம் மூன்று தடவை பெருக்கப்படுவதால் சின்னப் பிசகும் பூதாகரமாகும். 100 கிராம் மீன், வால் பிளவு வரை 20 செ.மீ. என்றால் 1.25 வரும், அதே மீனை வால் நுனி வரை 22 என்று அளந்தால் 0.94தான். எங்கிருந்து எங்கே அளந்தீர்கள் என்று எழுதுங்கள். வேறு மீனோடு ஒப்பிடவும் வேண்டாம். அகலமான வவ்வால் மீனுக்கு 2, 3 என்று வரும், நாடா போன்ற வாளை மீனுக்கு 0.1கூடத் தேறாது. வாளை பட்டினி கிடக்கிறது என்றா அர்த்தம்?

சினை மீன் கனக்கும், முட்டையிட்டதும் மெலியும். ஒல்லி மீனை உடனே நோயாளி ஆக்கிவிடாதீர்கள். முழு எடையோடு, வயிற்றைச் சுத்தம் செய்த எடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் தண்ணீரைத் துடைக்க மறக்காதீர்கள்.

சரி, வயது? நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. கெம்போங் முதல் ஆண்டிலேயே மளமளவென வளர்ந்து, பிறகு மந்தமாகும். 25 செ.மீ. கெம்போங் முழு வளர்ச்சி கண்டது, அதே நீளத்து இக்கான் மேரா (சிவப்பு மீன்) இன்னும் குட்டி. தலைக்குள் இருக்கும் காதுக்கல்லில் வளையம் எண்ணலாம். குளிர்நாட்டு மீனில் ஆண்டு வளையம் பளிச்சென்று தெரியும். மலாக்கா நீரிணை வருடம் முழுக்க வெதுவெதுப்பு, வளையம் மங்கல். அதனால் நாள் வளையத்தை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள், இல்லையென்றால் ஒத்த நீளமுள்ள மீன் கூட்டத்தின் நீளம் மாதாமாதம் கூடுவதைப் பின்தொடர்வார்கள். கல்லை எடுத்தால் ஃபார்மலினில் போடாதீர்கள், கரைந்துபோகும். கழுவி உலர்த்தி, சின்ன உறையில் தேதியோடு வைத்தால் போதும்.