இரண்டு குக்கரை வைத்து 4 லிட்டர் அளப்பது எப்படி?

வீட்டில் 5 லிட்டர் குக்கர் ஒன்று, 3 லிட்டர் குக்கர் ஒன்று. உள்ளே அளவுக்கோடு எதுவும் இல்லை. குழாயில் தண்ணீர் தாராளமாக வருகிறது. சரியாக 4 லிட்டர் வேண்டும், கண்ணளவு கூடாது. என்ன செய்வீர்கள்?

மூன்று வேலைகளுக்குத்தான் அனுமதி. பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பலாம், முழுக்கக் கொட்டலாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றலாம். ஊற்ற ஆரம்பித்தால், அது காலியாகும் வரை அல்லது இது நிரம்பும் வரை நிறுத்தக் கூடாது.

செய்து பார்க்க உண்மையான குக்கரை எடுக்காதீர்கள். விளிம்பு வரை ஊற்றினால் மேலே போட்டிருக்கும் அளவு அப்படியே வராது. இரண்டு பாட்டில்கள் போதும். ஒன்றில் 5 டம்ளர், மற்றதில் 3 டம்ளர் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். அதுதான் விளிம்பு. பக்கத்தில் ஒரு வாளி இருக்கட்டும், கொட்டுகிற தண்ணீர் செடிக்கு ஆகும்.

1. பெரியதை நிரப்புங்கள். பெரியதில் 5.
2. அதிலிருந்து சிறியதை நிரப்புங்கள். பெரியதில் 2, சிறியதில் 3.
3. சிறியதைக் கொட்டுங்கள்.
4. மிச்சமுள்ள 2-ஐச் சிறியதில் ஊற்றுங்கள்.
5. பெரியதை மறுபடி நிரப்புங்கள். பெரியதில் 5, சிறியதில் 2.
6. சிறியதில் இன்னும் 1-க்குத்தான் இடம். அது நிரம்பியதும் பெரியதில் நிற்பது 4.

பலரும் மாட்டிக்கொள்வது நான்காவது படியில்தான். அந்த 2-ஐ எங்கே வைப்பது என்று தெரியாமல் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். அதைப் பத்திரமாக வைத்திருப்பதில்தான் புதிரே இருக்கிறது.

பெரியதிலிருந்து சிறியதுக்கு ஊற்ற ஆரம்பித்தால் கடைசி வரை அதே திசையில் போங்கள். நடுவில் திரும்பினால், ஏற்கெனவே பார்த்த நிலைக்கே வந்து நிற்பீர்கள். சிறியதை முதலில் நிரப்பி எதிர்த்திசையில் போனாலும் 4 வரும், ஆனால் 8 படிகள் ஆகும்.

ஏன் வருகிறது? கணக்குப் பாருங்கள். பெரியதை இருமுறை நிரப்பினோம், சிறியதை இருமுறை நிறைத்துக் கழித்தோம். 5 + 5 − 3 − 3 = 4. எந்தப் புதிருக்கும் முதலில் இப்படித் தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டால், எத்தனை முறை நிரப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். நடக்காத புதிரும் இதிலேயே மாட்டும். 6 லிட்டர், 4 லிட்டர் பாத்திரங்களை வைத்து 3 லிட்டர் கேட்டால் விடியவிடிய ஊற்றினாலும் வராது. இரட்டைப்படைகளைக் கூட்டினாலும் கழித்தாலும் இரட்டைப்படைதானே!

சரி, பாத்திரத்தில் இருப்பது எண்ணெய் என்றால்? கொட்ட மனம் வராது. படி என்ற பழைய அளவுப் பாத்திரம் ஒன்றில் 8 ஆழாக்கு (ஆழாக்கு என்பதும் பழைய அளவுதான்) நல்லெண்ணெய் இருக்கிறது, பக்கத்தில் 5 ஆழாக்குப் பாத்திரமும் 3 ஆழாக்குப் பாத்திரமும். இரண்டு பேருக்குச் சரிபாதி பிரிக்க வேண்டும். 8, 5, 3 என்ற இதே எண்களோடு ஐரோப்பாவில் 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே புழங்கும் புதிர் இது.

மேலே செய்த அதே ஆறு படிகள்தான். குழாய்க்குப் பதில் படியிலிருந்து நிரப்புங்கள், கொட்டுவதைப் படியிலேயே ஊற்றுங்கள். ஆறாவது முடிந்ததும் படிப் பாத்திரத்தில் 1, பெரியதில் 4, சிறியதில் 3 இருக்கும். ஏழாவதாகச் சிறியதைப் படியில் கவிழ்த்தால், இங்கே 4, அங்கே 4.

பாட்டியிடம் இந்தப் புதிரைப் போட்டால் சிரிப்பார். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. உரியை எடுத்து ஒரு தடவை அளந்து ஊற்றிவிட்டுப் போய்விடுவார்.