கடற்பசுவையும் தேன்சிட்டையும் ஒப்பிடுவது எப்படி?

மகளுக்குப் பள்ளியில் இரண்டு உயிரினங்களை ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். அவள் எடுத்தது கடற்பசு. இன்னொன்று பட்டர்வொர்த்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் துணி காயப்போடும் கம்பியில் கூடு கட்டியிருந்த தேன்சிட்டு. "அது பெரிசு, இது சின்னது, அது நீந்தும், இது பறக்கும்" என்று நாலு வரி எழுதிவிட்டுக் கொட்டாவி விட்டாள். அதனால் வேறு மாதிரி செய்தோம்.

முதலில் ஒற்றுமையை எழுத வையுங்கள். இரண்டுக்கும் சூடான இரத்தம், இரண்டும் நுரையீரலால்தான் மூச்சு விடும். கடலிலேயே கிடந்தாலும் கடற்பசு சில நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கை நீருக்கு மேலே நீட்டியே ஆகவேண்டும்.

அப்புறம் எடை. வளர்ந்த கடற்பசு சுமார் 400 கிலோ, தேன்சிட்டு சுமார் 8 கிராம். மகள் 400-ஐ 8-ஆல் வகுத்து 50 என்று பெருமையாக எழுதினாள்! அலகை ஒன்றாக்கிவிட்டு வகுக்கச் சொல்லுங்கள், விடை 50,000.

சரி, அந்த 50,000-க்கு என்ன அர்த்தம்? இதற்கு அடுப்படிக்குப் போங்கள். ஒரு சட்டி நிறையவும் ஒரு சின்னக் கோப்பையிலும் சூடான தேநீர் ஊற்றி, கால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோப்பைதான் முதலில் ஆறியிருக்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் அளவோடு பார்த்தால் அதற்கு மேற்பரப்பு அதிகம். தேன்சிட்டும் அப்படித்தான், சூடு போய்க்கொண்டே இருப்பதால் விடிந்ததிலிருந்து செம்பருத்திக்கும் இட்லிப்பூவுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்து குறைந்த கடற்புல்லை மேய்ந்துகொண்டு கடற்பசு அவசரமில்லாமல் வாழ்ந்துவிடுகிறது. இந்த ஒரு காரணத்தைப் பிள்ளை பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது குட்டியும் குஞ்சும். தேன்சிட்டு பெரும்பாலும் 2 முட்டை இடும், பொரித்து இரண்டு மூன்று வாரத்துக்குள் குஞ்சுகள் பறந்துவிடும். கடற்பசு ஒரு வருடத்துக்கு மேல் சுமந்து ஒரே குட்டி போடும், அடுத்த குட்டிக்குப் பல வருடம் ஆகும். அதனால்தான் வலையில் சிக்கி ஒன்று செத்தாலும் அந்த இழப்பு ஈடாவதற்கு அவ்வளவு காலம் பிடிக்கிறது. ஜொகூரில் சிபு, திங்கி தீவுகளைச் சுற்றிய கடற்புல் திட்டுகளில் இவை இருக்கின்றன. தமிழ்நாட்டு மீனவர்கள் இதை ஆவுளியா என்பார்கள். பாக் விரிகுடாவில் 2022-இல் 448 சதுர கிலோமீட்டரை இதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள்.

கடற்பசுவைப் படத்தில்தான் பார்க்க முடியும், கூடு கண்ணெதிரே இருக்கிறது, அதனால் அதை வரைய வையுங்கள். எங்கள் வீட்டுக் கூட்டில் காய்ந்த புல், சிலந்தி வலை, எங்கிருந்தோ கொண்டுவந்த நீல நைலான் நூல். பக்கவாட்டில் வாசல், அதற்கு மேலே குட்டியாக ஒரு கூரை, கீழே வால் மாதிரி தொங்கும் நார். தள்ளி நின்று பார்த்தால் போதும், தொட்டு அளக்க விடாதீர்கள். நாங்கள் அந்தக் கம்பியில் மூன்று வாரம் துணியே போடவில்லை.