தொழுவத்தில் கழிச்சல் பரவ நாமே வழிவிடும் தவறுகள்

ஒரு கன்று கழியத் தொடங்குகிறது. இரண்டு நாளில் பக்கத்துக் கன்று, வாரம் முடிவதற்குள் இன்னும் மூன்று. காற்றில் வந்துவிட்டது, தீவனம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எதையாவது சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் நடந்திருப்பது வேறு: ஒரு விலங்கின் சாணம் இன்னொன்றின் வாய்க்குள் போயிருக்கிறது. சால்மோனெல்லா, ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்கள் பரவுவதற்கு முக்கியமான வழி அதுதான், அந்தச் சாணத்தை அங்கிருந்து இங்கே சுமந்துவருவது பல நேரம் நம்முடைய கை, செருப்பு, வாளி.

இதில் பெரிய தவறு, கழிகிற மாட்டை மட்டும் சந்தேகப்படுவது. சால்மோனெல்லா வந்து தேறிய மாடு நன்றாகத் தின்னும், பால் கறக்கும், ஆனாலும் கிருமியை உள்ளே வைத்திருக்கலாம். குறிப்பாக டப்ளின் என்ற வகை மாட்டின் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். கன்று ஈனும்போதோ, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகும்போதோ உடல் தளரும் நேரம் பார்த்து மறுபடி சாணத்தில் வெளியேறும். குடலைத் தாக்கி மாட்டை மெல்ல மெல்ல மெலிய வைக்கும் ஜோனிஸ் என்ற பாக்டீரியா நோய் இன்னும் மோசம். கன்றாக இருக்கும்போதே தொற்றிக்கொண்டு, பெரும்பாலும் 2 முதல் 5 ஆண்டுகள் கழித்துத்தான் அறிகுறி காட்டும், மாடு மெலிவது நம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே சாணத்தில் கிருமி கலந்திருக்கும்.

அதனால்தான் புதிதாக வாங்கிய மாட்டை வந்த அன்றே மந்தையில் சேர்க்க வேண்டாம் என்று மன்றாடிச் சொல்கிறேன். மூன்று நான்கு வாரம் தனியாக வையுங்கள். தனி என்றால் தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டிவிட்டு அதே வாளியில் தண்ணீர் காட்டுவது இல்லை, அங்கே கழுவும் நீர் இந்தப் பக்கம் ஓடிவரவும் கூடாது. இப்படித் தனியாக வைப்பதால் ஜோனிஸ் பிடிபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பரிசோதனை வேண்டும், மாடு வந்த மந்தையின் வரலாறும் தெரிய வேண்டும்.

அடுத்தது சீம்பால். கன்று பிறக்கும்போது அதன் இரத்தத்தில் நோய் எதிர்ப்புப் பொருள் கிட்டத்தட்ட இருப்பதே இல்லை, எல்லாம் சீம்பாலிலிருந்துதான் வரவேண்டும். குடல் அதை உறிஞ்சும் திறனோ மணிக்கு மணி குறைந்து 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். தானாகக் குடித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டு மறுநாள் வந்து பார்ப்பவர்கள் எவ்வளவு இழக்கிறார்கள் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், முதல் 6 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும், முதல் பங்கை 2 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. மடியைக் கழுவித் துடைத்துவிட்டுக் கொடுங்கள். சாணம் அப்பிய காம்பைச் சப்பினால் கன்றின் முதல் வாய் உணவே கிருமியாகிவிடும், பிறந்த முதல் சில நாட்களில் குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு கழிச்சல் உண்டாக்கும் ஈ.கோலை வகைக்கு அது போதும். நோய்ப்பட்ட மாட்டைக் கன்று ஈனும் இடத்தில் கட்டுவதும் அதே வகைத் தவறுதான்.

அப்புறம், வேலை செய்யும் வரிசை. கவலையில் முதலில் நோயுற்ற கன்றைப் பார்க்க ஓடுவது இயல்பு, ஆனால் அங்கே தொட்ட கையோடு மற்றவற்றுக்குப் பால் புட்டி காட்டினால் நோயைக் கையாலேயே ஊட்டிவிட்டதாக ஆகும். இளங்கன்றுகள் முதலில், வளர்ந்தவை அடுத்து, நோயுற்றவை கடைசியில். நோயுற்ற கன்றின் புட்டி, ரப்பர் காம்பு, மண்வெட்டி எல்லாம் அதற்கு மட்டும்.

சாணத்தின் மேலேயே கிருமிநாசினி ஊற்றுவது பலரும் செய்வது. சாணம் மருந்தின் வீரியத்தைக் குடித்துவிடும். முதலில் சுரண்டி எடுத்து, சோப்புநீரில் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, பிறகுதான் மருந்து.

கழிச்சல் என்றதும் ஆன்டிபயாடிக் ஊசி போடுவதும் அப்படித்தான். கன்றின் குடலைத் தாக்கும் ரோட்டா, மாட்டுக் கொரோனா வைரஸ்களால் வரும் கழிச்சலில் அது வைரஸை ஒன்றும் செய்யாது, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும். எந்தக் கன்றுக்கு அது தேவை என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். கழிகிற கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவது. பாலை நிறுத்தாமல், இரண்டு பால் வேளைகளுக்கு நடுவில் கன்றுகளுக்கான உப்புக் கரைசல் (எலக்ட்ரோலைட்) கொடுங்கள்.

எல்லாமே தொற்றி வருவதும் இல்லை. ஆடுகளுக்கு வரும் துள்ளுமாரி நோய்க்குக் காரணமான க்ளாஸ்டிரிடியம் என்ற பாக்டீரியா ஏற்கெனவே குடலில் இருப்பதுதான், திடீரென்று தானியத்தை அள்ளி வைக்கும்போது பெருகி நஞ்சைக் கக்குகிறது. அங்கே பிரித்துக் கட்டுவதால் பயன் குறைவு. தடுப்பூசி போட்டு, தீவனத்தை இரண்டு வாரமாவது எடுத்துக்கொண்டு மெல்ல மாற்ற வேண்டும்.

சரி, மனிதருக்கு? ஓ157 என்ற ஈ.கோலை மாட்டை ஒன்றும் செய்யாது, குழந்தைகளுக்கு வந்தால் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம். கழிகிற கன்றுக்குப் பால் புகட்டும் வேலையைக் குழந்தைகளிடம் விடாதீர்கள், காய்ச்சாத பாலைக் கொடுக்காதீர்கள், தொழுவத்துச் செருப்பை வீட்டு வாசலுக்கு வெளியிலேயே கழற்றுங்கள்.