இதயப்புழு டெஸ்ட்: ஒரே ரிசல்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள்

நாயின் ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஏதோ நெளிகிறது, உடனே சீட்டில் 'இதயப்புழு' என்று எழுதிவிடுகிறார்கள். நம் பக்கம் அதிகம் நடக்கிற தவறு இதுதான். நெளிவது மைக்ரோஃபைலேரியா, அதாவது ஏதோ ஒரு ஃபைலேரியா (நூல்போன்ற ஒட்டுண்ணி) புழு ஈன்ற இளம்புழு, அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும். இதயப்புழு என்பது டைரோஃபைலேரியா இம்மிடிஸ். இந்தியாவில் அது அதிகம் பதிவாகியிருப்பது அசாம், மிசோரம் மாதிரி வடகிழக்கில். தமிழ்நாடு, கேரளா, இலங்கை நாய்களிடம் பெரும்பாலும் சிக்குவது அதன் பங்காளியான டைரோஃபைலேரியா ரெப்பன்ஸ். அதையும் கொசுதான் பரப்புகிறது, ஆனால் அது தங்குவது தோலுக்கடியில், இதயத்தில் அல்ல. போதாததற்கு தெள்ளுப்பூச்சி கொண்டுவரும் இன்னொரு வகையும் உண்டு.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. நாட் முறையில் 1 மில்லி ரத்தத்தோடு 2% ஃபார்மலின் 9 மில்லி கலந்து, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிவதற்கு மெத்திலீன் புளூ சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். இம்மிடிஸுக்குத் தலை கூம்பியிருக்கும், ரெப்பன்ஸுக்கு மழுங்கியிருக்கும். சந்தேகம் தீராவிட்டால் மரபணுவை வைத்து வகை சொல்லும் பிசிஆர் டெஸ்ட். டாக்டரிடம் "எந்த வகை சார்?" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தவறு, ஸ்லைடில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே நோயில்லை என்பது. உள்ளே பெண் புழு மட்டும் இருந்தாலோ, மாதாமாதம் தடுப்பு மருந்து போயிருந்தாலோ, இதயத்தில் புழு இருந்தும் ரத்தத்தில் குஞ்சு இருக்காது. அதனால்தான் ஆன்டிஜன் டெஸ்ட்டையும் சேர்த்துச் செய்யச் சொல்கிறார்கள்.

சரி, ஆன்டிஜன் கிட் மட்டும் போதுமா? அது பிடிப்பது முக்கியமாக வளர்ந்த பெண் புழு விடும் புரதத்தை. கொசு கடித்து, புழு வளர்ந்து, கிட்டில் கோடு விழ ஆறேழு மாதம் ஆகும். நாலு மாதக் குட்டிக்கு இந்த டெஸ்ட் எடுத்து 'நெகட்டிவ்' என்று நிம்மதியாக இருப்பது காசுக்குப் பிடித்த கேடு. வடகிழக்கிலிருந்து நாயைக் கூட்டிவந்தவர்களும் வந்த வாரத்து ரிசல்ட்டோடு விட்டுவிடாமல், ஏழு மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். கோடு அழுத்தமாக விழுந்தால் புழு ஏராளம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள், அந்தக் கணக்கு செல்லாது. நோயின் அறிகுறியே இல்லாத நாய்க்கு பாசிட்டிவ் வந்தால், வேறு கம்பெனி கிட்டில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சிகிச்சையைப் பற்றியே பேச வேண்டும்.

உறுதியான பிறகும், நாய் நன்றாகத்தானே ஓடுகிறது என்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடுகிறார்கள். பாதிப்பு முதலில் தெரிவது நுரையீரல் ரத்தக்குழாய்களில். அவை தடித்து வளைந்திருக்கிறதா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். எக்கோவில் (இதய ஸ்கேனில்) புழு இரட்டைக் கோடாகத் தெரியும், ஆனால் புழு குறைவாக இருந்தால் கண்ணில் படாமலும் போகலாம். இன்னொன்று, புழு எத்தனை என்பது மட்டும் பெரிதல்ல. கொஞ்சம் புழுவோடு நாள் முழுக்க ஓடி ஆடுகிற நாய், நிறையப் புழுவோடு படுத்தே கிடக்கும் நாயைவிட மோசமாகப் பாதிக்கப்படலாம். நாய் திடீரென்று சுருண்டு விழுந்து, சிறுநீர் காபி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

வகை தெரியாமல், மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கைக்கணக்கில் ஏற்றுவது இதையெல்லாம்விட ஆபத்து. ரத்தத்தில் குஞ்சுகள் ஏகத்துக்கும் இருந்தால் அவை மொத்தமாகச் செத்து நாய் ஷாக்குக்குப் போகலாம்; கோலி இன நாய்களில் பலவற்றுக்கு மரபிலேயே அந்த மருந்து அதிக டோஸில் ஒத்துக்கொள்ளாது. அப்புறம், சிகிச்சை முடிந்த அடுத்த மாதமே ஆன்டிஜன் எடுத்துவிட்டு 'இன்னும் பாசிட்டிவ், மருந்து வேலை செய்யவில்லை' என்று பதறுபவர்கள் உண்டு. செத்த புழு கரையும்வரை புரதம் ரத்தத்தில் இருக்கத்தான் செய்யும். வளர்ந்த புழுவைக் கொல்லும் மெலார்சோமின் மருந்தின் கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்பது மாதம் போகட்டும், அதன் பிறகு எடுக்கும் டெஸ்ட்டை நம்பலாம்.