வீசிங் பம்பு: இழுக்கிற முறையும் எண்ண வேண்டிய கணக்கும்

மதுரைப் பக்கம் ஆஸ்துமாக்காரர் இருக்கிற வீட்டில் ஒரு இன்ஹேலர் எப்படியும் கிடக்கும். பம்பு என்போம், ஸ்ப்ரே என்போம். இங்கே நான் சொல்வது உடனடி நிவாரணத்துக்கான பம்பு, அதாவது சால்பியூட்டமால் அல்லது லெவோசால்பியூட்டமால் உள்ளது. பெரும்பாலும் நீலமாக இருக்கும், ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும் என்பதால் லேபிளில் பெயரைப் படித்துவிடுங்கள். மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிப்போன தசையை இது தளர்த்தும். ஐந்து நிமிடத்துக்குள் கேட்க ஆரம்பிக்கும், நாலைந்து மணி நேரம் தாங்கும்.

சரி, இழுக்கிற முறை. மூடியைக் கழற்றியதும் வாய் வைக்கிற பக்கம் உள்ளே ஒரு தடவை பாருங்கள். பையில் மூடி இல்லாமல் கிடந்த பம்புக்குள் சின்னப் பொருள் ஏதாவது புகுந்து, இழுக்கும்போது அதுவும் சேர்ந்து மூச்சுக்குழாய்க்குள் போன கதையெல்லாம் உண்டு. அப்புறம் நன்றாகக் குலுக்குங்கள். புதுப் பம்பென்றால், அல்லது ஒரு வாரமாகத் தொடாமல் கிடந்ததென்றால், முகத்துக்கு அப்பால் காற்றில் இரண்டு மூன்று தடவை அடித்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, உள்ளே இருக்கிற மூச்சை முடிந்தவரை வெளியே விடுங்கள், பம்புக்குள் ஊதாமல். உதட்டை இறுக்கமாக மூடி, மெதுவாக மூச்சை இழுக்கத் தொடங்கி, தொடங்கின அந்தக் கணத்திலேயே ஒரே ஒரு தடவை அமுக்கி, அமுக்கின பிறகும் நிறுத்தாமல் நாலைந்து விநாடி நிதானமாக இழுத்துக்கொண்டே போங்கள். பம்பை எடுத்துவிட்டுப் பத்து எண்ணுகிற வரை மூச்சைப் பிடித்து வையுங்கள். இரண்டாவது பஃப், அதாவது இன்னொரு அமுக்கு, வேண்டுமென்றால் அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்கி, முதலிலிருந்து.

மேலூரில் என் அத்தை ஒருவர் வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு டக்டக்கென்று இரண்டு அடி அடிப்பார். கடைவாயிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பும். "நல்லா ஏறிருச்சுப்பா, தொண்டையெல்லாம் கசக்குது பாரு" என்பார். கசக்கிறதென்றால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் உட்கார்ந்துவிட்டது, நுரையீரலுக்குப் போகவில்லை. வாயிலிருந்தோ மூக்கிலிருந்தோ புகை தெரிந்தாலும் அதே கதைதான். இப்படி இழுக்கிறவர்களிடம் கையையும் மூச்சையும் ஒன்றாக இயக்கு என்று எத்தனை தடவை சொன்னாலும் வராது, ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுவது உத்தமம். ஒரு முனையில் பம்பைச் செருகி, ஒரு பஃப் அடித்து, மறுமுனையில் வாய் வைத்து ஐந்தாறு மூச்சு சாதாரணமாக விட்டு இழுத்தால் போதும். சின்னப் பிள்ளைகளுக்கு மாஸ்க் வைத்தது கிடைக்கும். ஸ்பேசரை லேசான சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடுங்கள். துணி போட்டுத் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மருந்தைப் புகையாக்கி மாஸ்க் வழியாகக் கொடுக்கிற நெபுலைசர் மெஷின் வைத்தால்தான் கேட்கும் என்று ராத்திரியில் கிளினிக் கிளினிக்காக அலைகிறவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனால் பெரும்பாலான வீசிங் இழுப்புக்கு ஸ்பேசர் வழியாக ஒழுங்காக எடுத்த பஃப் அதற்குச் சளைத்ததில்லை.

கேப்சூல் போட்டு இழுக்கிற பவுடர் வகைக்கு முறை நேர் தலைகீழ்: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். அந்தக் கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கிவிடாதீர்கள்.

பம்பு பிடித்தால் பழக்கமாகிவிடும், அது கடைசி மருந்து, அதனால் மாத்திரையே போதும் என்று சொல்லும் பெரியவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை உடம்பு முழுக்கச் சுற்றுவதால் கை நடுக்கமும் படபடப்பும் அதில்தான் அதிகம். பம்பிலும் கொஞ்சம் வரும், சீக்கிரம் அடங்கிவிடும். இதயக் கோளாறு, தைராய்டு உள்ளவர்கள் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

யாரும் யோசிக்காத ஒன்று கண் சொட்டு மருந்து. கண் அழுத்த நோய்க்கு விடுகிற டிமோலால் ஒரு துளிதானே என்று தோன்றும், ஆனால் ஆஸ்துமாக்காரருக்கு அது மூச்சுக்குழாயை இறுக்கிவிடக்கூடும். கண் வைத்தியத்துக்கே பேர்போன ஊர் நம்முடையது, கண் டாக்டரிடம் "எனக்கு வீசிங் இருக்கு" என்று வாய் திறந்து சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் கொடுக்கிற புரோப்ரனலாலும் அதே ரகம். ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும், மெடிக்கலில் தலைவலிக்கு என்று கேட்டு வாங்கும்போது இதையும் சொல்லுங்கள்.

இனி கணக்கு. பொதுவாக ஒரு டப்பாவில் 200 பஃப். வருஷத்துக்கு மூன்று டப்பா தீர்ந்தாலே கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது, மாதம் ஒரு டப்பா என்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. பம்பு விஷம் என்பதால் இல்லை. இது தசையைத் தளர்த்துமே தவிர, மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கிச் சிவந்திருப்பதைத் தொடவே தொடாது. சுகமாக இருக்கிறதே என்று அடித்துக்கொண்டே இருப்போம், உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே போகும். இதனால்தான் ஆஸ்துமாவுக்கு இந்தப் பம்பை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ஜினா 2019-இல் சொல்லிவிட்டது. வீக்கத்துக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் வேண்டும், அதை இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளை படரும். ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டதும் பயந்து அதை நிறுத்திவிட்டு, சுகம் தருகிற பம்பை மட்டும் மெடிக்கலில் சீட்டே இல்லாமல் வாங்கி ஓட்டுவதுதான் எனக்குத் தெரிந்து இங்கே நடக்கிற பெரிய தப்பு. டப்பாவைப் பிரித்த தேதியை மார்க்கரில் அதன் மேலேயே எழுதுங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டு மீதியைப் பார்க்கிற வித்தை வேண்டாம், அது சரியாகக் காட்டாது.

வத்தல் வறுக்கிற நெடி, போகிப் புகை, அலங்காநல்லூர் வாடிவாசல் புழுதி, அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைய நெரிசல், எங்கே போனாலும் பம்பு சட்டைப் பையில் இருக்கட்டும். பைக் டேங்க் கவரிலும் காருக்குள்ளும் வேண்டாம். 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிற பொருள் அது, அக்னி நட்சத்திர வெயிலில் காருக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இழுப்பு முற்றினால் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி உட்கார வைத்துச் சட்டையைத் தளர்த்துங்கள். ஸ்பேசரில் ஒவ்வொன்றாக நான்கு பஃப், நான்கு நிமிடம் பொறுத்துக் கேட்கவில்லையென்றால் இன்னும் நான்கு. அதற்கும் அடங்காவிட்டால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வருகிற வரை இதையே தொடருங்கள். ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா எலும்பு நடுவே உள்வாங்குகிறது, ஆள் மந்தமாகிறார் என்றால் நான்கு நிமிடமெல்லாம் காத்திருக்க வேண்டாம், முதலில் போன். உஸ்உஸ் சத்தம் திடீரென நின்றும் மூச்சு அடங்கவில்லை என்றால் சரியாகிவிட்டது என்று ஏமாறாதீர்கள், காற்றே போகாத அளவுக்கு அடைத்துவிட்டது என்று அர்த்தம். கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரியோ பக்கத்தில் எதுவோ, எது சீக்கிரம் போய்ச் சேருமோ அங்கே போங்கள். எத்தனை பஃப், எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, பம்பையும் கையோடு கொண்டுபோய் டியூட்டி டாக்டரிடம் கொடுங்கள்.

வீட்டிலேயே அடங்கிவிட்டாலும் ஓரிரு நாளுக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்போது அவர் முன்னால் ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள், முறையில் என்ன கோளாறு என்று அங்கேயே சொல்லிவிடுவார்.