லேபுக்கு அனுப்பும் முன் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

சொந்த பிராண்டில் 12 வோல்ட் அடாப்டர் விற்க பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம்; அதற்கு முதலில் லேப் டெஸ்ட் பாஸாக வேண்டும். அம்பத்தூர் பக்கத்துச் சின்னக் கம்பெனிக்காரர்கள் போர்டைக் கையில் கொடுத்ததும் கேட்பது, “லேப் ஃபீஸ் எவ்வளவு சார் ஆகும்?” நான் பதில் சொல்லாமல் வெர்னியர் அளவுகோலை எடுப்பேன்.

பி.சி.பி.யை, அதாவது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைத் திருப்புங்கள். 230 வோல்ட் பக்கத்துக்கும் அவுட்புட் பக்கத்துக்கும் நடுவே, மேற்பரப்போடு ஒட்டி அளந்தால் ஐ.எஸ். 13252 என்ற பாதுகாப்புத் தரநிலைக் கணக்கில் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். 6.5 மி.மீ. இடைவெளியே விடுங்கள் என்பேன் நான். டிரான்ஸ்ஃபார்மர் அருகே வோல்டேஜ் ஏறும். (62368-1 என்ற புதிய தரநிலைக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். எதன்படி டெஸ்ட் என்று லேபில் முதலிலேயே கேளுங்கள்.) இடைவெளி குறைந்து பெரும்பாலும் மாட்டுவது, இரண்டு பக்கத்துக்கும் இடையே ஒளி வழியாக சிக்னல் கடத்தும் ஆப்டோகப்ளர் அடியில்தான். அங்கே போர்டில் ஸ்லாட் (நீளத் துளை) வெட்டுங்கள். அகலம் 1 மி.மீ.க்குக் குறைந்தால் அந்த ஸ்லாட் கணக்கில் சேராது.

அடுத்து, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் நீல டிஸ்க் கபாசிட்டர். அதில் ஒய்1 என்ற பாதுகாப்பு வகை அச்சிட்டிருக்கிறதா? அதைவிடக் கீழ் வகையான ஒய்2 ஒன்றை மட்டும் போட்டுவிட்டு, “அதே வேல்யூதானே சார்” என்பார்கள். அது ஷார்ட் ஆனால் கரண்ட் நேராக அவுட்புட் பின்னுக்கு வந்துவிடும். வேல்யூவை வைத்து என்ன செய்ய?

டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் பிரித்தே பாருங்கள். செகண்டரி, அதாவது அவுட்புட் பக்கச் சுருள், மூன்று அடுக்கு உறை போட்ட ட்ரிபிள் இன்சுலேட்டட் வயரா, இல்லை வெறும் பூச்சு மட்டும் உள்ள சாதா எனாமல் வயரா? சப்ளையர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

பிறகு ஹைபாட் (இரண்டு பக்கத்துக்கும் நடுவே உள்ள இன்சுலேஷன் உயர் வோல்டேஜைத் தாங்குகிறதா என்ற டெஸ்ட்): இன்புட் இரண்டையும் சேர்த்து ஒரு முனை, அவுட்புட் சேர்த்து மறுமுனை, 3000 வோல்ட் ஏ.சி., ஒரு நிமிடம். ஒய் கபாசிட்டர் வழியே கசிந்து டிரிப் ஆனால் 4242 வோல்ட் டி.சி.யில் பாருங்கள். முடிந்ததும் டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்காதீர்கள்.

லேபிளைத் தண்ணீர் துணியால் 15 விநாடி, பெட்ரோலியம் ஸ்பிரிட்டால் 15 விநாடி தேயுங்கள். எழுத்து அழியக் கூடாது.

இவ்வளவும் சரியென்றால் பி.ஐ.எஸ். அங்கீகரித்த லேபுக்கு சாம்பிள் போகட்டும். ரிப்போர்ட் வந்த 90 நாளுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். பதிவு அந்தத் தொழிற்சாலை முகவரிக்கு மட்டும்தான்; வேறு ஷெட்டில் தயாரித்தால் தனிப் பதிவு. கிடைக்கும் ஆர்-எண்ணை (பதிவு எண்) பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டு யாரும் சரிபார்க்கலாம்.

லேபுக்குக் கொடுத்த முக்கிய உதிரிபாகப் பட்டியலின் நகல் ஒன்றை, கம்பெனி பெயர், மாடல் எண்ணோடு, பர்சேஸ் மேசையில் ஒட்டிவையுங்கள். 40 பைசா மிச்சம் என்று வேறு கபாசிட்டர் வாங்கினால், டெஸ்ட் ஆன அடாப்டர் வேறு, நீங்கள் விற்பது வேறு.